முதல் வருடமே இரண்டு டூட்டி: குமரி மாவட்டத்து இளம் நர்சுகளுக்கு

பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம்.மோ முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் வாங்கி, ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்சாகச் சேர்ந்த கையோடு இரண்டாவது வேலைக்கும் போகலாமா என்று கேட்கும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறைய. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று எங்கே சேர்ந்தாலும் புதிதாக வருகிறவர்களின் சம்பளம் வீட்டுக்கும் கடனுக்கும் சேர்த்து எட்டுவதில்லை. கல்விக்கடனைப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துக் கட்டத் தொடங்கினால் போதும் என்று வங்கியில் சொல்வார்கள். அதுவரை வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். 4 லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 5,300 ரூபாய் கட்ட வேண்டும். தனியார் மருத்துவமனை நர்சுகளின் சம்பளம் பற்றி உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் கீழே உள்ள மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் உள்ள இடங்களில் மாநில அரசு நர்சுக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகவில்லை. பக்கத்துக் கேரளத்தில் நர்சுகள் போராடி 2018இல் குறைந்தபட்சக் கூலியை உயர்த்திக்கொண்டார்கள். எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் அந்த ஆணை செல்லாது.

ஆகவே இரண்டாவது வேலையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எந்த வேலை, எத்தனை மணி நேரம், எந்த வாரம் என்பதில் கறாராக இருக்க வேண்டும். நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் யாருக்கும் ஆபத்து வராத வேலையே இரண்டாவது வேலையாக இருக்கட்டும். முதல் மருத்துவமனையில் ஆள் குறைந்தால் உங்களை டபுள் டூட்டிக்கு நிறுத்துவார்கள், அது நிச்சயம். அந்த நேரம் வேறொரு வார்டில் ஆறு நோயாளிகளோ, ஒரு வீட்டில் டிரக்கியாஸ்டமி (மூச்சுக்காகக் கழுத்தில் துளையிட்டு வைக்கும் குழாய்) போட்ட ஒருவரோ உங்களுக்காகக் காத்திருந்தால் ஏதோ ஓர் இடத்தில் நோயாளி கைவிடப்படுவார். இரண்டாவது வேலை இன்னொரு வார்டாக இருக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தொடங்கும் நேரமும் முக்கியம். சேர்ந்து முதல் ஆறு மாதம் ஒரே இடத்தில் நில்லுங்கள். எமர்ஜென்சி டிராலியின் எந்தத் தட்டில் எது இருக்கிறது, எந்த டாக்டர் எதை எப்படி எழுதுவார், எந்த நோயாளியைப் பார்த்தால் இன்சார்ஜ் சிஸ்டரை உடனே கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் யோசிக்காமல் கைக்கு வர அவ்வளவு நாள் ஆகும். அது கைக்கு வரும் முன் இரண்டாவது இடத்தின் பழக்கத்தையும் ஏற்றினால் இரண்டுமே குழம்பும்.

மணி நேரக் கணக்கு

வாரத்துக்கு 168 மணி நேரம். முதல் வேலை எட்டு மணி நேர ஷிப்ட், ஆறு நாள் என்றால் 48. ஷிப்ட் முடியும் நேரத்தில் யாரும் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. ஹேண்ட் ஓவர், அதாவது முந்தைய ஷிப்டிடமிருந்து நோயாளிகளின் விவரம், எடுக்க அரை மணி முன்னே வர வேண்டும். ஹேண்ட் ஓவர் கொடுத்து, சார்ட் முடித்து, ஸ்டாக் எண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கிளம்ப இன்னோர் அரை மணி. அது வாரத்துக்கு 6 மணி. போக வர நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 12. தூக்கம் நாளுக்கு ஏழரை மணி நேரம் என்றால் 52.5. குளியல், துணி துவைப்பு, சமையல், கோயில், குடும்பம் எல்லாவற்றுக்கும் நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் 21. மொத்தம் 139.5. மிச்சம் 28.5 மணி நேரம். அதில் இரண்டாவது வேலைக்குப் போய்வரும் நேரமும் அடங்க வேண்டும். நான்கு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் வைத்தால் வேலை 16, பயணம் 4 முதல் 6. மிச்சமாகும் ஆறரை முதல் எட்டரை மணி நேரம் காய்ச்சல், கல்யாணம், மழை என்று எது வந்தாலும் தாங்க வேண்டிய இடைவெளி. அதையும் விற்றுவிடாதீர்கள். வாரத்துக்கு 16 மணி நேரம் என்பதே என் உச்ச வரம்பு.

போக வர ஆகும் நேரத்தை எல்லோரும் குறைத்தே கணக்குப் போடுகிறார்கள். நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் நெடுஞ்சாலை ஊர்களின் நடுவே போகிறது. பஸ் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து போய்ச் சேராது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. ஜூன் முதல் டிசம்பர் வரை பாதி நாள் சாலை நம் கணக்குக்கு வராது. இரண்டாவது வேலை வீட்டிலிருந்தோ முதல் வேலையிலிருந்தோ ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கட்டும்.

நைட் டூட்டி வாரம்

சம்பளத்துக்கு ஆசைப்பட்டுச் செய்யும் மிக ஆபத்தான ஏற்பாடு, ஓர் இடத்தில் நைட் முடித்து நேராக இன்னோர் இடத்தில் மார்னிங் டூட்டிக்குப் போவது. மாலை ஐந்து மணிக்கு எழுந்து, இரவு 8 முதல் காலை 8 வரை நின்று, பிறகு மதியம் 2 மணி வரை இன்னொரு வார்டில் நின்றால் அப்போது விழித்திருந்து 21 மணி நேரம் ஆகியிருக்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு விழுந்துவிடுகின்றன என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். அந்த நிலையில் நாம் ஊசியும் ஏற்றுகிறோம், அதற்குப் பிறகு ஸ்கூட்டியையும் எடுக்கிறோம். அமெரிக்க நர்சுகளிடம் நடத்தி 2004இல் வெளியான இன்னோர் ஆய்வில், பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ நீண்ட டூட்டிகளில் பிழை நடக்கும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது.

எனவே நைட் வாரத்தில் இரண்டாவது வேலை பூஜ்யம். எந்த இரண்டு மருத்துவமனை டூட்டிக்கும் நடுவே குறைந்தது 11 மணி நேரம் வேண்டும். இதற்கு டூட்டி லிஸ்ட் முன்கூட்டியே தெரிய வேண்டும். நேரடியாகவே கேளுங்கள்: "சிஸ்டர், இந்த மாசம் எனக்கு நைட் எந்த வாரம்னு இப்பமே சொன்னா உதவியா இருக்கும்." இரண்டாவது இடத்தில் சொல்ல வேண்டியது: "சார், திங்கள்ல இருந்து எனக்கு நைட். இந்த வாரம் வர முடியாது. அடுத்த திங்கள் வாறேன்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு முகம் சுளிக்கும் இடம் உங்களுக்கான இடம் அல்ல. சேரும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

உடம்பின் விழிப்பு மிகவும் தாழும் நேரம் அதிகாலை 3 முதல் 5 வரை. டிரிப் மாற்றுவது, இன்சுலின் பம்ப் பார்ப்பது, இரத்தம் ஏற்றும்போது பை எண்ணைச் சரிபார்ப்பது போன்றவற்றை அந்த நேரத்தில் தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டு எண்ணை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் நோயாளிகளை வேறொருவர் பார்த்துக்கொள்ள இடைவேளை கிடைத்தால் 20 நிமிடம் கண்ணை மூடலாம். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்த மந்தம் தலையில் நிற்கும், அந்த மந்தத்தோடு மருந்து எடுக்கக் கூடாது. இரவு சாப்பாடு டூட்டிக்கு முன்பே முடியட்டும். நள்ளிரவில் கஞ்சியும் பயறும், இல்லையென்றால் அவித்த ஏத்தம்பழம் போதும். பரோட்டாவும் பிரியாணியும் மூன்று மணிக்குத் தூக்கத்தை இழுத்து வரும். கடைசிச் சாயா இரண்டு மணிக்குள். அதற்குப் பிறகு குடித்தால் காலையில் வீட்டில் தூக்கம் கெடும்.

காலையில் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் போங்கள், அல்லது வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லுங்கள். அறையை இருட்டாக்கி, போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். பகல் தூக்கம் நான்கு மணி நேரத்தில் கலைந்துவிட்டால் மாலை ஐந்துக்கு முன் இன்னும் ஒன்றரை மணி நேரம் படுக்க வேண்டும். வீட்டில் அம்மாவுக்கும் அண்ணிக்கும் இதை எடுத்துச் சொல்லிவையுங்கள். பகலில் படுத்திருக்கும் மருமகளைப் பற்றி அக்கம்பக்கம் பேசும் பேச்சு நம் ஊரில் இன்னும் உண்டு, வீட்டார் உங்கள் பக்கம் நின்றால் அது தானே அடங்கும்.

இரண்டு இடம், இரண்டு அளவு

இரண்டு மருத்துவமனைகளில் வேலை பார்ப்பதில் உள்ள உண்மையான ஆபத்து களைப்பு மட்டுமல்ல. ஒரே மருந்து இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கும். கை ஒன்றுக்குப் பழகியிருக்கும், கண் அடுத்ததைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் வயலும் (மருந்துக் குப்பி) உண்டு, 100 யூனிட் இருப்பதும் உண்டு. 40க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கானது ஆரஞ்சு. ஓர் இடத்தில் சிவப்பு மூடியையே பார்த்துப் பழகியவர், அடுத்த இடத்தில் 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அது அரை மில்லி, அதாவது 50 யூனிட். நோயாளிக்குப் போவது இரண்டரை மடங்கு. இரவு பத்து மணிக்குப் போட்டால் விடியும் முன் சர்க்கரை இறங்கி, வியர்த்து, நினைவு தப்பும். தூங்குகிறார் என்று நினைத்துவிடுவோம். வயலின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் சேர்த்துப் பிடித்து வாசித்த பிறகே இழுங்கள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இன்னும் மோசம். 5 மில்லி வயல் என்று கேட்டால் ஒரு மில்லிக்கு 1,000 யூனிட் உள்ளதும் வரும், 5,000 யூனிட் உள்ளதும் வரும். முதலாவதில் மொத்தம் 5,000, இரண்டாவதில் 25,000. வயலின் அளவு ஒன்றே, வேறுபாடு ஐந்து மடங்கு. இரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் 50 மில்லி சிரிஞ்சில் ஓர் இடத்தில் 4 மில்லிகிராம் போடுவார்கள், இன்னோர் இடத்தில் 8. பம்பில் மணிக்கு 5 மில்லி என்று வைத்தால் முதலாவதில் நிமிடத்துக்கு 6.7 மைக்ரோகிராம், இரண்டாவதில் 13.3. "ஐந்தில் ஓடுது" என்று ஹேண்ட் ஓவர் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. எத்தனை மில்லிகிராம், எத்தனை மில்லியில், மணிக்கு எத்தனை என்ற மூன்றையும் சொல்ல வேண்டும், சிரிஞ்சின் மேல் எழுதி ஒட்டவும் வேண்டும்.

டிரிப் செட்டிலும் இதே கதை. ஒரு மில்லிக்கு 20 துளி வரும் செட்டில் 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு 42 துளி. 15 துளி செட்டானால் 31. பழைய இடத்து ஞாபகத்தில் 15 துளி செட்டில் 42 என்று வைத்தால் நான்கு மணி நேரத்தில் போக வேண்டியது மூன்று மணி நேரத்தில் போய்விடும். இளம் வயது நோயாளி தாங்குவார், இதயம் பலவீனமான 70 வயதுக்காரருக்கு மூச்சு முட்டும். செட்டின் உறையில் எண் அச்சாகியிருக்கும். பிரிக்கும் முன் பாருங்கள்.

இதற்கெல்லாம் நான் சொல்வது பாக்கெட்டில் ஒரு சிறு நோட்டு. ஒவ்வொரு இடத்துக்கும் தனி நோட்டு, வேறு வேறு நிற அட்டை. அந்த இடத்தின் டைல்யூஷன்கள் (எந்த மருந்தை எத்தனை மில்லியில் கலப்பது), எமர்ஜென்சி டிராலி இருக்கும் இடம், ஆபத்தில் கூப்பிட வேண்டிய எண், டிபிப்ரிலேட்டரின் மாடல். உள்ளே நுழையும் முன் இரண்டு நிமிடம் திருப்பிப் பாருங்கள். பயோமெடிக்கல் வேஸ்ட் நிறங்கள் மட்டும் 2016 விதிகளின்படி எங்கும் ஒன்றுதான், அதில் குழப்பம் வராது.

எந்த வேலை பொருந்தும்

மாலை டூட்டி வாரத்தில் மிகவும் பொருந்துவது, காலையில் வீடுகளுக்குப் போய் இரத்த மாதிரி எடுக்கும் வேலை. 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடிந்துவிடும். ஒரு நாள் நீங்கள் வராவிட்டால் லேப் வேறு ஆளை அனுப்பும். ஆனால் இதிலும் தவறுகள் உண்டு. குழாய்களின் வரிசை மாறக் கூடாது: பிளட் கல்ச்சர் இருந்தால் அது முதலில், பிறகு நீலம், பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஊதாக் குழாயில் உள்ள மருந்தில் பொட்டாசியம் இருக்கிறது. அதிலிருந்து துளி சிவப்புக்குப் போனாலே பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். நீலக் குழாய் கோடு வரை நிறைய வேண்டும். ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற கணக்கு கெட்டால் பி.டி., அதாவது இரத்தம் உறையும் நேரம், தவறாக வரும். அருமனை, கடையாலுமூடு பக்கத்து மேடுபள்ளச் சாலையில் மாதிரிகளைப் பைக் பெட்டிக்குள் உருள விட்டால் இரத்த அணுக்கள் உடைந்து, லேபில் மாதிரியைத் திருப்பி அனுப்புவார்கள். குழாய்களை ரேக்கில் நிமிர்த்தி, சுற்றிலும் பஞ்சோ துணியோ வைத்துக் கட்டுங்கள். பெயரையும் நேரத்தையும் நோயாளியின் முன்னாலேயே எழுதுங்கள். அடுத்த வீட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளினால் அண்ணன் தம்பி இரத்தம் மாறிப்போகும்.

அடுத்தது வீட்டு விசிட். பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்க, பெற்றோர் மட்டும் தனியே இருக்கும் வீடுகள் குளச்சலிலிருந்து கருங்கல் வரை நிறைய உண்டு. அங்கே 12 மணி நேரம் தங்கும் ஹோம் நர்ஸ் வேலையை எடுக்காதீர்கள். அது முழுநேர வேலை, உங்களை விட்டால் அங்கே வேறு ஆளும் இல்லை. டிரெஸ்ஸிங், கத்தீட்டர் மாற்றுதல், ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாய்) மாற்றுதல், படுக்கைப்புண் பார்த்தல் என்று அரை மணியிலிருந்து ஒரு மணி நேர வேலைகளை மட்டும் எடுங்கள். டாக்டர் எழுதிய சீட்டு இல்லாமல் எதுவும் செய்ய வேண்டாம். ஆன்டிபயாடிக் ஊசியின் முதல் டோஸை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் போடாதீர்கள். ஒவ்வாமை வந்தால் சில நிமிடங்களே இருக்கும். இரண்டாவது டோஸ் முதல் போடுவதானாலும் பையில் அட்ரினலின் ஆம்பியூல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வீரியம் உள்ளதில் அரை மில்லி, தொடையின் நடுவில் வெளிப்புறத் தசையில். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். டியூப் மாற்றினால் இடம் சரியா என்று உறுதிசெய்யும் வரை ஒரு சொட்டும் விடக் கூடாது. பால் விடும்போது தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயரத்தில், விட்டு முடித்து இன்னும் அரை மணி அப்படியே. செய்ததை அந்த வீட்டிலேயே ஒரு நோட்டில் தேதி, நேரம், கையெழுத்தோடு எழுதி வையுங்கள். பிறகு யார் என்ன சொன்னாலும் அந்த நோட்டு பேசும். "பிள்ளே, வந்ததோட இந்தப் பாத்திரத்தையும் ஒண்ணு கழுவி வச்சிரு" என்று அன்பாகவே கேட்பார்கள். முதல் நாளே வேலை இன்னது என்று மகனிடமோ மகளிடமோ போனில் பேசி முடித்துவிட்டால் அந்தச் சங்கடம் வராது. பெண் பிள்ளைகள் தனி ஆண் இருக்கும் வீட்டுக்குத் தனியே போக வேண்டாம்.

மாலைக் கிளினிக்கும் பரவாயில்லை, அங்கே டாக்டர் கூடவே இருப்பார். டயாலிசிஸ் சென்டருக்கு முறையான பயிற்சி முடிக்காமல் போகாதீர்கள். நான்கு மணி நேர சிட்டிங்தான் என்பார்கள், ஆனால் இரத்த அழுத்தம் விழும்போது என்ன செய்வது என்று யோசிக்கும் நேரம் அங்கே கிடையாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். "சர்டிபிகேட்டை மட்டும் தா, இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு வந்து நில்லு, மாசம் இவ்வளவு தாறோம்" என்று யாராவது கேட்டால் அது வேலையே அல்ல. உங்கள் பதிவு எண் வேறொருவரின் கணக்கில் ஏறும். பிறகு வெளிநாட்டுக்குச் சரிபார்ப்பு வரும்போது அதே தேதிகளில் நீங்கள் இரண்டு இடத்தில் முழுநேரம் இருந்ததாகக் காட்டும்.

தொற்றும் தடுப்பூசியும்

ஒரு மருத்துவமனையின் யூனிஃபார்மோடு இன்னொன்றுக்குள் நுழையாதீர்கள். கிருமிகளை நாமே சுமந்து போகிறோம். தனிச் சட்டை, தனிச் செருப்பு, நடுவில் குளியல். குளிக்க இடமில்லை என்றால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி உடை மாற்றுங்கள். ஹெபடைடிஸ் பி மூன்று டோஸும் (0, 1, 6 மாதம்) முடித்து, கடைசி டோஸுக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவை (டைட்டர்) பாருங்கள். 10க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. அந்த ரிப்போர்ட்டின் நகல் இரண்டு இடத்திலும் இருக்கட்டும்.

ஊசி குத்திவிட்டால் எந்த இடத்தில் குத்தியதோ அங்கேயே அப்போதே எழுதிப் பதிய வேண்டும். ஹெச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. நியமனக் கடிதமே இல்லாமல் பகுதிநேரமாகப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். குத்தியது அங்கே என்று காட்ட ஒரு காகிதமும் கையில் இருக்காது. அதனால் ஒரு பக்கமாவது எழுதி வாங்காமல் இரண்டாவது வேலையில் கால் வைக்காதீர்கள்.

காகிதங்கள்

முதல் வேலையின் நியமனக் கடிதத்தை முதலில் வாசியுங்கள். வேறு எங்கும் வேலை பார்க்கக் கூடாது என்ற வரி இருந்தால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைக்கவில்லை என்றால் மறைத்துப் போக வேண்டாம். மாவட்டம் சின்னது, ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அரசு வேலைக்குப் போய்விட்டால் 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தும், அனுமதியில்லாமல் தனியார் வேலை கிடையாது. எல்லைக்கு அப்பால், பாறசாலையிலோ திருவனந்தபுரத்திலோ வேலை என்றால் கேரள கவுன்சிலின் பதிவு தனியே வேண்டும். எந்த இடத்திலும் அசல் சான்றிதழ்களை ஒப்படைக்காதீர்கள். சரிபார்த்துத் திருப்பித் தரட்டும், நகல் வைத்துக்கொள்ளட்டும்.

பி.எஃப். இரண்டு இடத்தில் பிடித்தாலும் யு.ஏ.என். (ஒருவரின் எல்லா பி.எஃப். கணக்குக்கும் பொதுவான எண்) ஒன்றே இருக்க வேண்டும். புதிதாக ஒன்று போட்டுத் தருகிறோம் என்றால் வேண்டாம், பழையதைக் கொடுங்கள். இ.எஸ்.ஐ. எண்ணும் அப்படித்தான். சில இடங்களில் பகுதிநேரச் சம்பளத்தைத் தொழில்முறைக் கட்டணம் என்று கணக்கெழுதி 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். உங்கள் மொத்த வருமானத்துக்கு வரியே வராது, ஆனாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்பி வரும். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும். ரொக்கமாக வாங்கிய வேலைக்கு நாளை ஓர் ஆதாரமும் இருக்காது.

வளைகுடாவுக்கோ ஜெர்மனிக்கோ போகும் எண்ணம் இருந்தால் இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். அனுபவமாக எண்ணப்படுவது முழுநேர மருத்துவமனை வேலைதான். மொழித் தேர்வுக்கும் வளைகுடா உரிமத்துக்கான புரோமெட்ரிக் தேர்வுக்கும் படிக்க வேண்டிய நேரம், இரண்டாவது வேலைக்கு நீங்கள் விற்கும் அதே 16 மணி நேரத்திலிருந்துதான் வர வேண்டும். அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்கும் இதுவே பொருந்தும். தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது இரண்டாவது வேலையை விட்டுவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து, கையில் பணம் குறைந்தாலும்.

டிசம்பர் 3 கோட்டார் சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், மண்டைக்காடு கொடை, இந்த நாட்களில் இரண்டு இடத்திலும் ஆள் கேட்பார்கள், வீட்டிலும் கூப்பிடுவார்கள். எந்த நாள் யாருக்கு என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். பண்டிகை நாளில் டூட்டி எடுத்தால் அதற்கு ஈடான ஆஃபை அந்த மாதமே எழுதி வாங்குங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. போட்ட மருந்தைப் போட்டோமா என்று இரண்டாவது முறை சந்தேகம் வருவது, சிக்னலில் கண் சொக்குவது, மாதவிடாய் தொடர்ந்து இரண்டு மாதம் தள்ளிப்போவது, ஆஃப் நாளில் எழுந்தும் களைப்பு தீராமல் இருப்பது. இவற்றில் ஒன்று வந்தாலே அந்த வாரம் இரண்டாவது வேலையை நிறுத்துங்கள். தவறு நடந்துவிட்டால், அது நோயாளியைத் தொடாமல் போயிருந்தாலும், இன்சார்ஜிடம் அப்போதே சொல்லுங்கள். அந்த நிமிடம் சொன்னால் நோயாளியைக் காப்பாற்றலாம்.

விலகும்போது கடிதத்தில் உள்ளபடி நோட்டீஸ் கொடுங்கள், ஒரு மாதம் என்றால் ஒரு மாதம். அனுபவச் சான்றிதழை லெட்டர்ஹெட்டில் கேளுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பிரிவு, படுக்கை எண்ணிக்கை, பகுதிநேரம் என்ற சொல், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கையெழுத்து, முத்திரை, அலுவலகத் தொலைபேசி எல்லாம் அதில் இருக்க வேண்டும். பகுதிநேரத்தை முழுநேரமாக எழுதித் தரச் சொல்லாதீர்கள். சரிபார்ப்பு நிறுவனம் நேரே மருத்துவமனைக்கே எழுதிக் கேட்கும். பி.எஃப். தளத்தில் விலகிய தேதியைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போடாமல் விட்டால் அடுத்த இடத்துக்குப் பணத்தை மாற்றும்போது விண்ணப்பம் சிக்கும். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆன பிறகு, ஆதாரோடு இணைத்த போனுக்கு வரும் ஓ.டி.பி.யை வைத்து நீங்களே அந்தத் தேதியைப் பதியலாம்.